மார்கழியில் விதை, தை நடுவில் காய்: தாம்பரம் மாடியில் 45 நாள் ஹைபிரிட் வெள்ளரி

டிசம்பர் கடைசியில் தாம்பரத்திலிருந்து கிளம்பும் அதிகாலை பீச் லோக்கலில் ஏறிப் பாருங்கள். பாதிப் பேர் காதை மறைத்து மஃப்ளர் கட்டியிருப்பார்கள். வெளியே வெப்பநிலை 20, 21 டிகிரி. ஊட்டிக்காரர் யாராவது பார்த்தால் சிரிப்பார். ஆனால், ஒரு வெள்ளரிச் செடியைக் கேட்டால், ‘இதுக்குத்தான் வருஷம் முழுக்கக் காத்திருந்தேன்’ என்று சொல்லும்.

வெள்ளரி வெயில் காலத்துக் காய் என்பதால், மார்ச், ஏப்ரலில்தான் நமக்கு அதை வளர்க்கும் ஆசையே வருகிறது. நானும் அப்படித்தான் ஒரு ஏப்ரலில் விதைத்தேன். மே மாதம் கொடி முழுக்க மஞ்சள் பூ. காய் மட்டும் ஒன்றுகூட இல்லை. அத்தனையும் ஆண் பூக்கள்! உரம் பத்தவில்லை என்று நினைத்து மேலும் மேலும் போட்டதுதான் மிச்சம். தப்பு உரத்தில் இல்லை, நாள்காட்டியில்.

வெள்ளரியில் ஆண் பூ, பெண் பூ இரண்டும் ஒரே கொடியில் தனித்தனியாக வரும். பகல் நீளமாகவும் வெயில் அதிகமாகவும் இருந்தால் ஆண் பூக்கள் கூடும். பகல் குறைந்து, இரவு குளிர்ந்தால் பெண் பூக்கள் கூடும். அதாவது மார்கழியும் தையும்தான் காய்க்கு வழி.

அவர்களுக்குக் கோடை சின்னது, நமக்குக் குளிர் சின்னது

40, 45 நாளில் காய்க்கும் ஹைபிரிட் வெள்ளரிகளுக்குப் பெரிய தேவை இருந்தது குளிர் நாடுகளில்தான். ரஷ்யா மாதிரி இடங்களில் கோடை சில வாரங்களில் முடிந்துவிடும். அதற்குள் விதைத்து, காய்த்து, பறித்து முடிக்க வேண்டும். நம் நாட்டிலும் இந்த வேலை மலையில்தான் நடந்தது. இமாச்சலத்தின் குலு பள்ளத்தாக்கில், காட்ரெய்னில் இருக்கும் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையம் உருவாக்கிய ஹைபிரிட்தான் ‘பூசா சன்யோக்’. பெண் பூக்களாகவே பூக்கும் ஜப்பானிய வகை ஒன்றைப் பெற்றோரில் ஒன்றாக வைத்து உருவாக்கியது. சுமார் 50 நாளில் பறிப்புக்கு வரும்.

இதில் தாம்பரத்துக்கு என்ன சம்பந்தம் என்று கேட்கிறீர்களா? நம்முடைய கதை அதன் தலைகீழ். நமக்கு வெயில் தாராளம், குளிர்தான் குறைச்சல். தாம்பரம், குரோம்பேட்டை, சேலையூர், வண்டலூர் பக்கம் கடைசிப் புயல் போனதற்கும் வெயில் சுடத் தொடங்குவதற்கும் நடுவில் கிடைப்பது கிட்டத்தட்ட மூன்றே மாதம். 60, 65 நாள் எடுக்கும் ரகத்தை விதைத்தால், காய் பிடிக்கும்போதே மாசி வந்துவிடும். 45 நாள் ரகம் என்றால், காய்ப்பின் நல்ல பகுதி முழுக்கக் குளிருக்குள் அடங்கிவிடும்.

தேதி முக்கியம் மக்களே!

மழை நின்ற மாதிரி தெரிந்ததும் நவம்பர் கடைசியிலேயே விதைக்கக் கை துறுதுறுக்கும். பொறுங்கள். 2016-ல் வர்தா கரையைக் கடந்தது டிசம்பர் 12. 2022-ல் மாண்டஸ், டிசம்பர் 9 இரவு. 2023-ல் மிக்ஜாம், டிசம்பர் முதல் வாரம். முடிச்சூர், வரதராஜபுரம்காரர்களுக்கு அந்த நாள்களை யாரும் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. பத்து நாள் வயதுள்ள வெள்ளரி நாற்று, மாடியில் அடிக்கும் புயல் காற்றை ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. தொடர் மழையில் பையில் தண்ணீர் தேங்கினால் வேரும் அழுகும்.

அதனால் என் கணக்கு எளிது. மார்கழி பிறந்ததும் விதை. அதாவது டிசம்பர் 16-ஐ ஒட்டி. ஜனவரி கடைசியில் முதல் காய். பொங்கலுக்குப் பூ வந்திருந்தால், சரியான பாதையில் போகிறீர்கள் என்று அர்த்தம்.

பாக்கெட்டில் என்ன எழுதியிருக்கிறது?

விதை பாக்கெட்டில் படத்தைப் பார்த்து வாங்காதீர்கள். மூன்று விஷயங்களைத் தேடுங்கள். எத்தனை நாளில் முதல் பறிப்பு என்பது ஒன்று. ‘எஃப்1’ என்று இருந்தால் அது ஹைபிரிட். மூன்றாவது, கொஞ்சம் வாயில் நுழையாத பெயர்: ‘பார்த்தெனோகார்பிக்’. மகரந்தச் சேர்க்கையே இல்லாமல் காய்க்கும், விதையில்லாத வகை. இவற்றில் பெரும்பாலானவை பெண் பூக்களாகவே பூக்கும்.

பெருங்களத்தூர், வண்டலூர் பக்கம் அடுக்ககத்தின் பத்தாவது மாடி பால்கனியில் இருப்பவர்களுக்கு இந்த மூன்றாவது வகை வரப்பிரசாதம். அவ்வளவு உயரத்துக்குத் தேனீ வருமா, வராதா என்ற கவலையே வேண்டாம். டெல்லி இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் ‘பூசா பார்த்தெனோகார்பிக் வெள்ளரி-6’ இந்த வகைதான். 40 முதல் 45 நாளில் காய்க்கும். வட இந்தியச் சமவெளியில் குளிர்காலப் பசுமைக்குடிலுக்காக உருவாக்கியது. அது ஹைபிரிட் அல்ல, ரகம். ஓசூர்ப் பக்கத்துப் பசுமைக்குடில்களில் விளையும் வழுவழு வெள்ளரியும் பெரும்பாலும் பார்த்தெனோகார்பிக் வகையே. இந்த விதையை எடை போட்டுத் தர மாட்டார்கள், எண்ணித்தான் தருவார்கள். விலையும் அதற்கேற்ப இருக்கும்.

தரைத்தளம், முதல் மாடி, பக்கத்தில் நாலு செடி கொடி இருக்கிறது என்றால், ஆண் பூ, பெண் பூ இரண்டும் வரும் சாதாரண எஃப்1 ஹைபிரிடே போதும்.

‘ஹைபிரிட்னா ஜீன் மாத்தினது, சாப்பிடக் கூடாது’ என்று ஃபேமிலி குரூப்பில் ஒரு மாமா சொல்வார். இல்லை. ஹைபிரிட் என்பது இரண்டு வகைகளைப் பூவோடு பூ சேர்த்து உருவாக்கியது. மரபணு மாற்றம் வேறு கதை. ஆனால், மாமா சொல்வதில் பாதி நியாயம் உண்டு: ஹைபிரிட் காயிலிருந்து விதை எடுத்து அடுத்த வருடம் போட்டால், அதே செடி வராது. குணங்கள் பிரிந்து, ஒன்று நெட்டையாக, ஒன்று கசப்பாக, என்னென்னவோ வரும். ஒவ்வொரு வருடமும் புது பாக்கெட்தான். அதில் உடன்பாடு இல்லை என்றால் நாட்டு வெள்ளரிக்குப் போங்கள். அதுவும் நல்ல முடிவுதான். நாள் மட்டும் கூடும்.

விதையில் பிங்க் அல்லது நீல நிறப் பூச்சு இருந்தால் அது பூஞ்சைக்கொல்லி மருந்து. விதைத்ததும் கையைக் கழுவுங்கள். பாக்கெட்டைக் குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

பை, மண், தண்ணீர்

ஒரு செடிக்கு 15 முதல் 20 லிட்டர் கொள்ளும் குரோ பேக் ஒன்று. செம்மண், ஊறவைத்துக் கழுவிய தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம் மூன்றும் சம பங்கு. கூடவே ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு. விதையை ஒரு செ.மீ ஆழத்தில் நேரடியாகப் பையிலேயே ஊன்றுவது நல்லது. வெள்ளரிக்கு வேரைத் தொட்டால் பிடிக்காது. நாற்றாக வளர்க்கத்தான் வேண்டும் என்றால், பேப்பர் கப்பில் வளர்த்து, இரண்டு நிஜ இலை வந்ததும் மண்ணோடு இறக்கிவிடுங்கள். வாடகை வீடு என்றால் பைகளைத் தரையில் வைக்காமல் செங்கல் மேலோ ஸ்டாண்டிலோ தூக்கி வையுங்கள். ஈரம் கோத்தால் ஹவுஸ் ஓனர் தோட்டத்தை மட்டுமல்ல, உங்களையும் காலி செய்யச் சொல்லலாம்.

இப்போது, நம் பக்கத்தில் பல பேர் கோட்டை விடும் இடம். இங்கே நிறைய வீடுகளில் போர் தண்ணீர் உப்பு. குளியலறைக் குழாயில் படியும் வெள்ளைப் பூச்சைப் பார்த்தாலே தெரியும். வெள்ளரி உப்பைத் தாங்காத செடி. இலை ஓரம் காய்ந்து பழுப்பாகும், வளர்ச்சி நின்றுபோகும். இதில் கொடுமை என்னவென்றால், ‘தண்ணியை வீணாக்கக் கூடாது’ என்ற நல்லெண்ணத்தில் ஆர்.ஓ மெஷின் வெளியேற்றும் தண்ணீரைச் செடிக்கு ஊற்றுவது. அதில் உப்பு போர் தண்ணீரைவிட அதிகம். அதை மாடிப்படி கழுவ வைத்துக்கொள்ளுங்கள். வடகிழக்குப் பருவமழையில் இரண்டு டிரம் மழைநீர் பிடித்து, கொசு புகாமல் மூடிவைத்திருந்தால், நாற்றுப் பருவத்துக்கு அதுவே போதும். அதன் பிறகு போர் தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்து ஊற்றலாம். பையின் விளிம்பில் வெள்ளையாகப் படிந்தால், ஒரு நாள் நல்ல தண்ணீரை அடியில் வழிந்தோடும்வரை ஊற்றி உப்பை இறக்கிவிடுங்கள்.

ஜனவரியில் காலை ஒரு வேளைத் தண்ணீர் போதும். மாசி பிறந்து வெயில் ஏறினால் இரண்டு வேளை. ஒரு நாள் காயவிட்டு, மறுநாள் குடம் குடமாக ஊற்றுவது மட்டும் வேண்டாம். காய் வளைவதற்கும் கசப்பதற்கும் அதுவும் ஒரு காரணம்.

பனி காலையின் இன்னொரு முகம்

குளிர் இலவசமாக வருவதில்லை. மார்கழிப் பனி இலையில் தங்கினால் அடிச்சாம்பல் நோய் வரும். இலை நரம்புகளுக்கு நடுவே கட்டம் கட்டமாக மஞ்சள் புள்ளிகள், அடியில் சாம்பல் நிறப் படலம். கொடியைத் தரையில் படரவிடாமல் வலையிலோ கயிற்றிலோ நேராக ஏற்றுங்கள். கிழக்கு வெயில் படும் சுவர் ஓரம் என்றால் பனி சீக்கிரம் காயும். மாலையில் இலைமேல் தண்ணீர் தெளிக்கவே கூடாது. புள்ளி வந்த அடி இலைகளை உடனே கிள்ளி, தோட்டத்துக்கு வெளியே போடுங்கள்.

வெள்ளை ஈ, இலையில் கோலம் போடும் இலைத்துளைப்பான் இரண்டுக்கும் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மி.லி வேப்பெண்ணெய், இரண்டு சொட்டு சோப்புக் கரைசல். வாரம் ஒருமுறை மாலையில், இலை அடியில் படும்படி லேசாகத் தெளித்தால் போதும். கொட்டும் அளவுக்கு அல்ல. பூக்கத் தொடங்கும்போது பஞ்சகவ்யா, லிட்டருக்கு 30 மி.லி.

பூ, காய், கசப்பு

பெண் பூவைக் கண்டுபிடிப்பது சுலபம். பூவுக்குப் பின்னால் குட்டி வெள்ளரி ஒட்டியிருக்கும். சாதாரண ஹைபிரிட் என்றால், காலை 9 மணிக்குள் ஒரு ஆண் பூவைப் பறித்து, இதழை நீக்கி, பெண் பூவின் நடுவில் லேசாகத் தேயுங்கள். பூவுக்கு ஆயுள் ஒரு நாள்தான்; ஆபீஸ் போய்விட்டு வந்து செய்துகொள்ளலாம் என்றால் நடக்காது. முதலில் வருவது ஆண் பூக்கள்தான், பதற வேண்டாம். பார்த்தெனோகார்பிக் வகை என்றால் இந்த வேலையே இல்லை. அடியிலிருந்து முதல் ஐந்து கணுக்களில் வரும் பிஞ்சுகளை மட்டும் கிள்ளிவிடுங்கள். மனசு கேட்காது. ஆனால், செடி முதலில் உடம்பு தேறட்டும்.

பூத்த 7 முதல் 10 நாளில் காய் ரெடி. பாக்கெட்டில் சொன்ன நீளத்துக்கு ஒரு விரற்கடை முன்னதாகவே பறியுங்கள். ‘இன்னும் கொஞ்சம் பெருக்கட்டும்’ என்று ஒரு காயை முற்றவிட்டால், கொடி அடுத்த பிஞ்சுகளைக் கவனிக்காது. மாடியில் ஒரு செடிக்குப் பத்துப் பதினைந்து காய் வந்தாலே என்னைப் பொறுத்தவரை நல்ல செடி.

காம்புப் பக்கம் நறுக்கி நுரை வரத் தேய்க்கும் வழக்கம் எல்லார் வீட்டிலும் உண்டு. கசப்புக்குக் காரணமான குக்கர்பிட்டசின் காம்புப் பக்கமும் தோலின் அடியிலும்தான் அதிகம். அதனால் தேய்ப்பதைவிட அந்தப் பக்கத்தை ஒரு அங்குலம் தாராளமாக நறுக்கி எறிவதுதான் பலன் தரும். அப்படியும் கடுமையாகக் கசந்தால், முழுக் காயையும் தூக்கிப் போடுங்கள். வயிற்றைப் புரட்டிவிடும், உப்பு, மிளகாய்த்தூள் தூவிச் சமாளிக்கும் விஷயம் இல்லை அது.

பொங்கல் லீவில் இரண்டாவது பை ஒன்றில் விதைத்தால், மார்ச் தொடக்கத்தில் இன்னொரு சுற்று பறிக்கலாம். அதற்குப் பிறகு புது விதை வேண்டாம். மார்ச் கடைசியில் ஆண் பூக்கள் கூடி, காய் கசக்க ஆரம்பித்ததும் கொடியைப் பிடுங்கிவிட்டு, அதே பையில் கொஞ்சம் மண்புழு உரம் கலந்து வெண்டையோ கொத்தவரையோ போடுங்கள். இரண்டும் சித்திரை வெயிலுக்கு அசராது.