நாரின் வரலாறு

கொரியர்கள் அலங்கார முடிச்சிடும் தம் மரபுக்கலையை 'மேதுப்' என்கிறார்கள். பட்டிழைகளைப் பின்னிய ஒரே கயிற்றை நடுவில் மடித்து, இரு புரிகளையும் மாறிமாறிக் கோத்து முடிவது அது. புதிதாகக் கற்பவர் 'தோரே' எனும் சிறு முடிச்சில் தொடங்குகிறார். பெரிய முடிச்சுகள் அவிழாமல் தாங்கும் பூட்டு அதுதான். சாமந்தி, தும்பி, வண்ணத்துப்பூச்சி ஆகியவை அதன் பின்னரே வரும். முடிவதைவிடக் கடினமானது இறுக்குவது. குத்தூசியால் ஒவ்வொரு வளையமாக இழுத்து, முன்னும் பின்னும் ஒன்றுபோல, இடமும் வலமும் சமமாக அமையும்வரை பொறுத்திருக்க வேண்டும். மேலை உடை பரவியதும் நலிந்த இக்கலையை 1968இல் தென்கொரிய அரசு தேசிய மரபுச்செல்வமாக அறிவித்து, சோங் யோன்சு என்னும் கைவினைஞரை அதன் காப்பாளராக ஏற்றது.

முடிச்சின் வரலாற்றை எழுதுவது எளிதன்று; நார் மக்கிவிடும். பழனி மலையடிவாரத்துப் பொருந்தலில் பேராசிரியர் கா. ராஜன் நடத்திய அகழாய்வில் கண்ணாடி மணிகள் ஆயிரக்கணக்கில் கிடைத்தன. அங்குள்ள ஓர் ஈமக்குழியில் கிடைத்த நெல்லின் காலம் ஏறத்தாழ கி.மு. 490 எனக் கணிக்கப்பட்டது. மணிகள் கிடைத்தன, அவற்றைக் கோத்த இழை கிடைக்கவில்லை.

இழை எஞ்சியிருப்பது மொழியில்தான். யாப்பு என்றால் கட்டுதல். தளை என்றால் பிணிப்பு. மோனையும் எதுகையும் தொடையின் வகைகள்; தொடை என்பதோ பூத்தொடுப்பவரின் சொல். பூக்களை இரண்டிரண்டாக இணைத்துக் கட்டுவது கண்ணி. ஈரடி ஈரடியாகப் பாடுவதும் கண்ணியே. தாயுமானவரின் பராபரக்கண்ணியை அறியாதார் யார்? பறவையைச் சிக்கவைக்கும் சுருக்கும் அதே பெயர் பெற்றது. செய்யுளைப் பற்றிச் சிந்திக்கத் தொடங்கிய தமிழன், தன் வீட்டுத் திண்ணையில் பூத்தொடுத்த கைகளைப் பார்த்தே சொற்களை எடுத்திருக்க வேண்டும்.

அந்தக் கைகளின் தொழில் இன்றும் மாறவில்லை. கோப்பதற்கு ஊசி வேண்டும். தொடுப்பதற்கு விரல் போதும். எதிரெதிராகப் பூக்களை வைத்து, காம்பைச் சுற்றி நாரை வளைத்து, விரலில் எழுந்த வளையத்துக்குள் காம்பைச் செலுத்தி இழுக்க வேண்டும். இறுக்கினால் காம்பு அறும். தளர்த்தினால் பூ உதிரும். காய்ந்த வாழைநாரை நனைத்துக்கொள்வது இதற்காகவே. பயில்பவர் முதலில் கற்பது இந்த அளவைத்தான். சியோலில் குத்தூசி பிடிப்பவருக்கும் நிலக்கோட்டையில் மல்லிகை தொடுப்பவருக்கும் பாடம் ஒன்றே.

பாச்சலூர், தாண்டிக்குடி உள்ளிட்ட கீழ்ப்பழனி மலைச் சரிவுகள் மலைவாழைக்குப் பெயர்பெற்றவை. தாறு வெட்டிய மரத்தின் மட்டையைக் காயவைத்துக் கிழித்தால் நார். 1970களில் முடிக்கொத்து நோய் இந்தத் தோட்டங்களைச் சூறையாடியது. விருப்பாட்சி மலைவாழைக்குப் பின்னர் புவிசார் குறியீடு கிடைத்தது. மதுரை மல்லிக்கு 2013இலும் பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு 2019இலும் அது கிடைத்தது. பழத்துக்கும் பூவுக்கும் பிரசாதத்துக்கும் சான்றிதழ் உண்டு. பூவை நாரோடு சேர்க்கும் முடிச்சுக்கு என்ன உண்டு?

சோழர் கல்வெட்டுகளில் திருப்பள்ளித்தாமத்துக்கும் நந்தவனத்துக்கும் விடப்பட்ட நிலக்கொடைகள் உள்ளன. பெரியபுராணம் திருப்புகலூர் முருக நாயனாரை, நால்வகைப் பூவும் பறித்து மாலைகட்டிச் சாத்திய தொண்டராகப் போற்றுகிறது. அடியாராக இருந்ததால் அவர் பெயர் நின்றது. முழக்கணக்கில் கூலிக்குத் தொடுக்கும் பெண்களின் பெயரை எந்தக் கல்லும் தாங்கவில்லை. இன்று நாரின் இடத்தைப் பெரும்பாலும் நூல் பிடித்துவிட்டது. நாரில் தொடுக்கும் நுட்பம் முதிய விரல்களோடு சுருங்கி வருகிறது.

பூவோடு சேர்ந்த நாரும் மணம் பெறும் என்பது நம் பழமொழி. பூவையும் நாரையும் சேர்த்த கையை அது மறந்துவிட்டது. தொடை இலக்கணத்தை ஈராயிரம் ஆண்டுகளாகப் பேணிய சமூகம், அச்சொல் பிறந்த தொழிலையும் ஒருமுறை உட்கார்ந்து எழுதிவைக்கலாம். எழுதும் முன், ஒரு முழமாவது தொடுக்கக் கற்றுக்கொள்ளலாம்.