ஊருக்கே வாரிக் கொடுத்தவர் வீட்டுப் பக்கம் ஊர் ஏன் வரலை? - 'தி பாண்டர் ஹார்ட்' என்கிற சிரிப்பு நாவல்!

ஜிமெயில் வர்றதுக்கு ரொம்ப முன்னாடி, 90-களில் கம்ப்யூட்டரில் மெயில் பார்த்த பலருக்கும் 'யூடோரா'ங்கிற பேர் தெரியும். 1988-ல் ஸ்டீவ் டோர்னர் உருவாக்கிய மெயில் சாஃப்ட்வேர் அது. அந்தப் பேர் ஓர் எழுத்தாளருடையது. யூடோரா வெல்டி எழுதிய ஒரு சிறுகதையில், வீட்டில் எல்லாரோடும் சண்டை போட்டுக்கிட்டு ஒரு பெண், தான் வேலை பார்க்கும் குட்டி போஸ்ட் ஆபீஸுக்கே மூட்டை முடிச்சோடு குடிபோயிடுவாள். எந்நேரமும் மெயிலோடயே மல்லுக்கட்டிய டோர்னருக்கு அந்தக் கதை ஞாபகம் வந்ததில் ஆச்சர்யம் இல்லை.

அந்த வெல்டி எழுதிய சிரிப்பு நாவல்தான் 'தி பாண்டர் ஹார்ட்'. சின்ன புத்தகம். ஒரு சனிக்கிழமை மதியம் போதும். ஆனா, அதோட கடைசிப் பக்கங்கள் சட்டுனு மனசை விட்டுப் போகாது.

யார் இந்த யூடோரா வெல்டி?

1909-ல், அமெரிக்காவின் தென் மாநிலமான மிசிசிப்பியின் தலைநகர் ஜாக்சனில் பிறந்தவர். 2001-ல் இறந்ததும் அதே ஊரில்தான். 1925-ல் அப்பா கட்டிய வீட்டிலேயே வாழ்க்கையின் பெரும்பகுதியைக் கழித்தார். இன்று அந்த வீடு அருங்காட்சியகம்.

ஊரைவிட்டுப் போகாதவர் என்றாலும் ஊரைச் சுற்றாதவர் இல்லை. 1930-களின் பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில் அரசு வேலைத்திட்டம் ஒன்றின் விளம்பரப் பிரிவில் சேர்ந்து, கேமராவோடு மிசிசிப்பி கிராமங்களைச் சுற்றினார். கிராமத்து ஜனங்க எப்படி நிற்பாங்க, எப்படிப் பேசுவாங்க, எதை மறைப்பாங்கன்னு அவர் பக்கத்தில் இருந்து பார்த்த காலம் அது. 1973-ல் 'தி ஆப்டிமிஸ்ட்ஸ் டாட்டர்' நாவலுக்காக புலிட்சர் விருதும் வாங்கினார்.

கதை என்ன?

மிசிசிப்பியில் கிளே என்று ஒரு கற்பனைச் சிற்றூர். அங்கே 'பியூலா' என்று ஒரு ஹோட்டல். அதை நடத்துபவர் எட்னா ஏர்ல் பாண்டர். கார் ரிப்பேராகி அங்கே மாட்டிக்கிட்ட ஒரு விருந்தாளியை உட்காரவெச்சு எட்னா பேச ஆரம்பிக்கிறார். முழு நாவலும் அந்தப் பேச்சுதான். விருந்தாளி வாயே திறக்கிறதில்லை. ஏன்னா, அந்த விருந்தாளி நாமதான்!

எட்னா பேசுவது அவரோட டேனியல் அங்கிளைப் பற்றி. வெள்ளை கோட் சூட், பெரிய தொப்பி, ஐம்பதை நெருங்கும் வயசு, குழந்தை மனசு. பணக்காரக் குடும்பம். கையில் இருக்கிறதை யாருக்காவது கொடுக்காட்டி அவருக்குத் தூக்கம் வராது. கன்றுக்குட்டி கொடுப்பார், குதிரைக்குட்டி கொடுப்பார், வயலையே கொடுப்பார். தன்னைப் புதைக்கறதுக்குன்னு வெச்சிருந்த கல்லறை இடத்தைக்கூட ஒருத்தருக்குக் கொடுக்கப் பார்த்தவர். எட்னாவின் ஹோட்டலும் அவர் கொடுத்ததுதான்.

சொத்து கரையுதேன்னு பயந்த தாத்தா, டேனியலை ஜாக்சனில் இருக்கும் மனநலக் காப்பகத்தில் சேர்க்கிறார். அங்கே நடக்கிற ஆள்மாறாட்டத்தில் டேனியலை வெளியே விட்டுட்டு, தாத்தாவைப் பிடித்து உள்ளே வெச்சுக்கிறாங்க. புத்தகத்தின் சிரிப்பு உச்சங்களில் இது ஒண்ணு.

அப்புறம் கல்யாணம். டீகேக் மகீ என்ற விதவையோடு நடந்த முதல் கல்யாணம் ரெண்டே மாசம்தான் தாங்குச்சு. அடுத்து, பத்து சென்ட் கடையில் வேலை பார்க்கும் 17 வயசு பானி டீ பீகாக். "ட்ரையல் பார்க்கலாம்" என்ற கண்டிஷனோடுதான் அவள் கல்யாணத்துக்கே சம்மதிக்கிறாள். தாத்தாவின் இதயம் இதைத் தாங்கலை. அந்த ட்ரையல் அஞ்சு வருஷத்துக்கு மேல ஓடுது. போறாள், வர்றாள், வீட்டுக்காரரையே வீட்டைவிட்டு அனுப்புறாள். கடைசியில் ஓர் இடி மின்னல் நாளில் இறந்துபோகிறாள். டேனியல் மேல் கொலைக் கேஸ். கல்யாணத்தில் ஆரம்பிச்ச 'ட்ரையல்', கோர்ட் ட்ரையலில் வந்து நிற்குது.

அவள் எப்படி இறந்தாள்? சாட்சிக் கூண்டில் எட்னா சொல்லாமல் விட்ட ஒரு விஷயத்தை நம்ம காதில் மட்டும் போடுறார். அதை இங்கே சொன்னால் உங்க வாசிப்பு கெட்டுடும்.

சிரிப்பு எங்கேருந்து வருது?

ஜோக்கில் இருந்து இல்லை, பேச்சில் இருந்து. தென் மாநிலங்களில் வீட்டு முன்வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கதை பேசுறது ஒரு வழக்கம். எட்னாவின் பேச்சும் அதே ரகம்தான். ஒரு விஷயத்தைத் தொடங்குவார், நடுவில் யாரோட பாட்டியைப் பற்றியோ சொல்வார், சுற்றி வந்து விட்ட இடத்தைப் பிடிப்பார். யாரையும் திட்டுறதில்லைன்னு சொல்லிக்கிட்டே ஊரில் எல்லாரையும் திட்டுவார். வாசல் திண்ணையில் எல்லார் கண்ணிலும் படுற மாதிரி பானி டீ நிறுத்திவெச்ச வாஷிங் மெஷின் மேல் அவருக்கு இருக்கிற கோபமே தனி.

கவனிச்சா இன்னொண்ணும் தெரியும். ஊர்க் கதை எல்லாம் பேசும் எட்னா, தன் கதையை மட்டும் அவசரமா தாண்டிப் போறார். ஊருக்கு வந்து போகும் விற்பனைப் பிரதிநிதி ஸ்பிரிங்கரைக் கல்யாணம் செய்துக்கிற ஆசை அவருக்கு இருந்தது. நடக்கலை. அங்கிளைப் பார்த்துக்கிறதிலேயே காலம் போயிடுச்சு. வாய் ஓயாமல் பேசுற ஆளுக்குள்ளே எவ்ளோ தனிமை இருக்கும்னு அந்த இடங்களில் புரியும்.

சிரிப்பு நிற்கும் இடம்

கோர்ட் காட்சியில்தான் கதை திரும்புது. தன் உயிருக்கே ஆபத்தான கேஸ் நடக்கும்போது, டேனியல் அங்கிள் பேங்க்கில் இருந்து எடுத்த பணத்தை அங்கே கூடியிருந்தவங்களுக்கு வாரிக் கொடுக்கிறார். தீர்ப்பு, குற்றவாளி இல்லை. ஆனா, அதுக்கு அப்புறம் பியூலா ஹோட்டல் காலியா கிடக்குது. வாங்கினவங்க யாரும் அந்தப் பக்கம் தலைகாட்டலை.

ஏன்? வாங்கின பணத்தைத் திருப்பிக் கொடுக்க மனசு வரலை. வெச்சுக்கிட்டு அவர் முகத்தைப் பார்க்கவும் முடியலை. பணம் இருந்தவரைக்கும் அவரைக் கிறுக்குன்னு சொன்னாலும் ஊர் அவரைச் சுற்றியே இருந்தது. கொடுக்க எதுவும் இல்லாதப்போ, அவர் உண்மையில் கேட்டது என்னன்னு தெரியுது. பேச்சுத்துணைக்கு ஒரு ஆள், அவ்ளோதான். காரில் வந்து மாட்டிக்கிட்ட விருந்தாளி எட்னாவுக்கு ஏன் அவ்ளோ முக்கியம்னும் அப்போதான் நமக்கு உறைக்கும். சிற்றூர்க் கிறுக்கர்களைப் பார்த்துச் சிரிக்கிற நாவல் மாதிரி தொடங்கி, சிரிச்ச ஊரையே கூண்டில் ஏற்றிடுது இந்தப் புத்தகம்.

இன்னிக்குப் படிக்கும்போது...

ஒரு விஷயம் உறுத்தும். கதையில் வரும் கறுப்பின மக்கள் பெரும்பாலும் வேலையாட்கள். சமையல்காரர் நார்சிஸ் கோர்ட்டில் சாட்சி சொல்றார். ஆனா, அவரோட சொந்த வாழ்க்கையைப் பற்றி எட்னாவுக்கு அக்கறை இல்லை. புத்தகம் வந்த 1954-ல்தான், பள்ளிகளில் நிறவாரியாகப் பிரிப்பது சட்டவிரோதம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. அந்தப் பிரிவினையை இயல்பா எடுத்துக்கிட்ட ஊர்தான் கிளே. எட்னாவின் பார்வை அந்த ஊரின் பார்வை.

வெல்டி அங்கேயே நின்றுவிடவில்லை. 1963 ஜூனில், ஜாக்சனில் சிவில் உரிமைத் தலைவர் மெட்கர் எவர்ஸ் சுட்டுக் கொல்லப்பட்டார். உடனே வெல்டி ஒரு சிறுகதை எழுதினார், கொலைகாரனின் குரலில். அடுத்த மாசமே 'நியூயார்க்கர்' அதை வெளியிட்டது. அன்பான கிறுக்கர்களுக்குக் கொடுத்த காதை, தன் ஊரின் வெறுப்புக்கும் கொடுத்தவர் அவர். ரெண்டையும் சேர்த்துப் படிச்சாதான் வெல்டி முழுசா தெரிவார்.

மேடையும் திரையும்

'நியூயார்க்கர்' இதழில் 1953 டிசம்பரில் வந்து, 1954-ல் புத்தகமானது. 1956-ல் பிராட்வே நாடகமாச்சு. டேனியலாக நடித்தவர் டேவிட் வேய்ன். எட்னாவாக நடித்த யூனா மெர்க்கலுக்கு டோனி விருது கிடைச்சது. 2001-ல் டி.வி படமாகவும் வந்தது.

பிடிச்சிருந்தா அடுத்து...

* 'கோல்டு சாஸி ட்ரீ' (1984) - ஆலிவ் ஆன் பர்ன்ஸ். ஜார்ஜியா மாநிலச் சிற்றூர். பாட்டி இறந்த மூணே வாரத்தில் தாத்தா மறுகல்யாணம் செய்ய, ஊரே கொதிக்கிறதை 14 வயசுப் பேரன் சொல்றான்.

* 'ஃப்ரைடு கிரீன் டொமேட்டோஸ் அட் தி விசில் ஸ்டாப் கஃபே' (1987) - ஃபேனி ஃபிளாக். அலபாமாவில் ரயில் பாதை ஓரத்து ஓட்டலும் அதை நடத்தும் ரெண்டு பெண்களும். நிறவெறியையும் நேரடியாகத் தொடும் நாவல்.

எதில் தொடங்கறதுன்னு யோசிச்சா, பாண்டர்லயே தொடங்குங்க. எட்னா பேச ஆரம்பிக்கும்போது மட்டும் குறுக்கே பேசாதீங்க. மாடியில் டேனியல் அங்கிள் இருக்கார், யாராவது வந்திருக்காங்களான்னு கேட்டுக்கிட்டு.