இராமானுஜன், ஸ்ரீநிவாச (1887–1920): கீர்த்தியும் தேகக்ஷீணமும்

ஈரோட்டில் பிறந்து, காவிரிக்கரைக் கும்பகோணத்துச் சாரங்கபாணி சந்நிதித் தெருவில், ஜவுளிக்கடைக் குமாஸ்தா ஒருவரின் மகனாக வளர்ந்த கணித மேதை. கணிதம் ஒன்றிலேயே சித்தத்தை லயிக்கவிட்டு ஏனைய பாடங்களில் தவறியதால், கும்பகோணம் அரசினர் கல்லூரியில் உபகாரச் சம்பளத்தை இழந்த இவர், சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தாவாயிருந்தபோது 1913இல் ஆங்கிலேயக் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தின் பயனாக, மறுவருஷம் கேம்பிரிட்ஜ் சென்றார்.

கடல்கடக்கப் புறப்படுமுன், தாயார் காணச் சகியாரென்று அவரை முன்னதாகவே கும்பகோணத்துக்கு ரயிலேற்றிவிட்டுத்தான் குடுமியைக் களைந்தார் என்பது, பின்வந்த துன்பங்களுக்கெல்லாம் பூர்வாங்கமெனவே தோன்றுகிறது. ஆசாரம் பிசகாமல் தாமே சமைத்து, யுத்தகாலத்தில் காய்கறிக்குத் திண்டாடி, இரவுபகல் பாராது உழைத்து, மனைவி ஜானகியின் கடிதங்களும் தம் தாயாரால் தடுக்கப்பட்டுக் கைசேராத நிலையில், 1917இல் நோயுற்றார். 1918இல் லண்டன் சுரங்க ரயில் பாதையில் உயிர்விடத் துணிந்து காப்பாற்றப்பட்டார். ராயல் சொசைட்டி உறுப்பினர் பட்டமும் டிரினிட்டி கல்லூரி ஆய்வுறுப்பினர் பதவியும் அதே ஆண்டில்தான் வந்தன.

சென்னைப் பல்கலைக்கழகம் அளிக்க முன்வந்த ஆண்டுக்கு 250 பவுனில், செலவுபோக மிஞ்சுவதை ஏழைச் சிறுவரின் கல்விக்கு ஒதுக்குமாறு எழுதிவிட்டு, 1919இல் தாயகம் திரும்பினார். படுக்கையில் கிடந்தபடியே போலித் தீட்டாச் சார்புகள் (mock theta functions) என்னும் கணிதச் சார்புகளை ஆராய்ந்துகொண்டிருந்தவர், 1920 ஏப்ரல் 26இல், தமது 32ஆம் வயதில், சென்னைச் சேத்துப்பட்டில் காலமானார். க்ஷயரோகமென்று அக்கால வைத்தியர்கள் கொண்டதை, 1994இல் டி. ஏ. பி. யங் என்பவர் மறுபரிசீலனை செய்து, கல்லீரலைப் பற்றிய அமீபா நோயாயிருக்கலாம் என்றார். அதற்கு அன்றே சிகிச்சை இருந்தது.