கொசஸ்தலைக் கரையின் கற்கோடரிகள்

எண்ணூரில் கடலில் கலக்கும் கொசஸ்தலை ஆற்றின் கரையில்தான் தமிழகத்தின் மிகப் பழைய மனிதத் தடயங்கள் உள்ளன. வல்லூர் அணைக்கட்டைக் கடந்து, அனல்மின் நிலையங்களின் சாம்பல் குளங்களை ஒட்டி முகத்துவாரத்தை அடையும் கடைப்பகுதியில் அவற்றைத் தேடிப் பயனில்லை. எண்ணூரும் திருவொற்றியூரும் இராயபுரமும் நிற்கும் மணலும் வண்டலும் நிலவியல் கணக்கில் நேற்றுப் படிந்தவை. ஆற்றின் எதிர்த்திசையில் பூண்டி வரை போனால், அங்கே நிலம் பழையது.

இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் பணியாற்றிய இராபர்ட் புரூஸ் ஃபூட் 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் ஒரு கற்கருவியை எடுத்தார். பிரான்சின் சோம் ஆற்றங்கரைக் கற்கோடரிகள் மனிதன் செய்தவையே என்று ஐரோப்பிய அறிஞர்கள் ஒப்புக்கொண்டு நான்கு ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. அந்தச் செய்தி தெரிந்திருந்ததால்தான் அந்தக் கல் அவர் கண்ணில் பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் சக நிலவியலாளர் வில்லியம் கிங்குடன் சேர்ந்து, பூண்டிக்கு அருகிலுள்ள அத்திரம்பாக்கத்தை அவர் கண்டறிந்தார். குவார்ட்சைட் கல்லின் இரு முகங்களையும் செதுக்கி, ஒரு முனையைக் கூராக்கிய கைக்கோடரிகள் அங்கே ஏராளம். 1863-இல்தான் இங்கிலாந்தில் தாமஸ் ஹக்ஸ்லி, உடலமைப்பில் மனிதனுக்கு மிக நெருங்கியவை சிம்பன்சியும் கொரில்லாவுமே என்று நூல் எழுதினார். சிம்பன்சி கல்லால் கொட்டை உடைப்பதை டார்வின் 1871-இலேயே குறிப்பிட்டார். இருந்தும், கருவிகளைத் தோண்டுவோரும் குரங்குகளைப் பார்ப்போரும் நெடுங்காலம் தனித்தனி வழியிலேயே சென்றனர்.

அத்திரம்பாக்கத்தின் வயது வெகுநாள் ஊகமாகவே இருந்தது. தொல்லியலாளர்கள் சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் 1999 முதல் நடத்திய அகழாய்வு அதை மாற்றியது. நிலத்தின் மேற்பரப்பில் கிடக்கும் குவார்ட்சைட்டில் அண்டக் கதிர்கள் அலுமினியம், பெரிலியம் ஆகியவற்றின் கதிரியக்க ஓரிடத்தான்களை உண்டாக்குகின்றன. கல் புதைந்தபின் அவை வெவ்வேறு வேகத்தில் சிதைவதால், எஞ்சிய விகிதம் புதைந்த காலத்தைச் சொல்லும். 2011-இல் வெளியான முடிவின்படி, அடியடுக்கின் கருவிகள் குறைந்தது 10.7 லட்சம் ஆண்டு, சராசரியாக 15 லட்சம் ஆண்டு பழையவை.

செய்தவரின் எலும்பு மட்டும் அங்கே கிடைக்கவில்லை. இந்தியாவில் தொல்மனித மண்டையோடு என்று சொல்லத்தக்கது, 1982-இல் அருண் சொனாகியா நர்மதைக் கரையிலுள்ள ஹத்னோராவில் கண்டெடுத்தது. அதுவும் அத்திரம்பாக்கத்தின் அடியடுக்கைவிட மிக இளையது. ஆக, கொசஸ்தலைக் கரையில் மிஞ்சியிருப்பது உடல் அல்ல, நடத்தை. நடத்தையை அளக்க உயிருள்ள ஓர் அளவுகோல் வேண்டும்.

அந்த இடத்தில்தான் சிம்பன்சி வருகிறது. 1960-இல் தான்சானியாவின் கோம்பேயில் சிம்பன்சி ஆய்வாளர் ஜேன் குடால், புல்தண்டைப் புற்றுக்குள் நுழைத்துக் கரையான் பிடிக்கும் சிம்பன்சிகளைக் கண்டார்; இலை உருவிக் குச்சியைச் சீர்செய்வதையும் பதிவு செய்தார். ஐவரி கோஸ்டின் தாய் (Taï) என்னும் காட்டில் அவை கல்லைச் சம்மட்டியாகவும் மரவேரைப் பட்டறையாகவும் வைத்துக் கொட்டை உடைக்கின்றன. தாயின் அருகிலிருந்து பார்த்து, தவறித் தவறி, குட்டி அதைக் கற்கப் பல ஆண்டுகள் ஆகும். அதே காட்டில் 4,300 ஆண்டுகளுக்கு முந்தைய கொட்டை உடைத்த கற்கள் தோண்டி எடுக்கப்பட்டன. கோம்பேயில் எண்ணெய்ப்பனையும் உண்டு, கல்லும் உண்டு. ஆனால் அங்குள்ளவை கொட்டை உடைப்பதில்லை. கூட்டத்துக்குக் கூட்டம் மாறும் இந்த வழக்கத்தை மரபு என்று சொல்வதில் மிகையில்லை.

வேறுபாடும் தெளிவானது. கொட்டை உடைக்கையில் சில சமயம் கல் சிதறும். காட்டுச் சிம்பன்சி அந்தச் சில்லைத் தேடி எடுப்பதில்லை. தாய்லாந்தின் நீள்வால் குரங்குகளும் பிரேசிலின் கபுச்சின்களும் இப்படி அறியாமல் உண்டாக்கும் சில்லுகள், பழைய எளிய கருவிகளைப் போலவே இருக்கின்றன. எனவே வெறும் சில்லை மட்டும் வைத்து மனிதன் என்று முடிவு கட்டுவது துணிச்சல். கைக்கோடரிக்கு அந்தச் சந்தேகம் பொருந்தாது. ஒவ்வொரு தட்டும் அடுத்த தட்டுக்கு இடம் செய்ய வேண்டும். முடிவான வடிவம் முதலிலேயே மனத்தில் இருக்க வேண்டும். மேலும், அத்திரம்பாக்கத்தின் அடியடுக்கு மென்களிமண். அதிலுள்ள பெரிய கற்கள் வெளியிலிருந்து சுமந்து வரப்பட்டவை. தாய் காட்டுச் சிம்பன்சியும் கல்லைச் சில நூறு மீட்டர் தூக்கிச் செல்லும், ஆனால் அப்போதே உடைக்கவிருக்கும் கொட்டைக்காக.

மேலடுக்குகளில் கைக்கோடரிகள் குறைந்து, முன்கூட்டியே செதுக்கிச் சீராக்கிய கல்லிலிருந்து விரும்பிய வடிவில் சில்லு பெயர்க்கும் லெவல்வா முறை தலைகாட்டுகிறது. 2018-இல் வெளியான ஆய்வு இம்மாற்றத்தின் தொடக்கத்தைச் சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன் வைத்தது. இம்முறை ஏறத்தாழ 1,25,000 ஆண்டுகளுக்கு முன்போ அதற்குப் பின்போ ஆப்பிரிக்காவிலிருந்து வந்த நவீன மனிதருடன் இந்தியாவுக்குள் நுழைந்தது என்ற கருத்து அதன்பின் விவாதத்துக்குரியதாகிவிட்டது.