இரும்புத் தகட்டில் ஒரு துளை: நாகப்பட்டினம் முதல் பொன்மலை வரை

தஞ்சைச் சீமை என்றதும் நெல்வயல்தான் நினைவுக்கு வரும். ஆனால் அதன் கடற்கரை ஊரான நாகப்பட்டினத்தில் ஒரு காலத்தில் பெரிய ரயில் பட்டறை ஒன்றும் இருந்தது.

நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு 1861ல் ரயில் ஓடத் தொடங்கியது. 1862ல் பாதை திருச்சியை எட்டியது. ரயில் வந்ததும் நீராவி இன்ஜின்களைப் பழுது பார்க்கும் ஆட்களும் தேவைப்பட்டார்கள். அவர்கள் கற்க வேண்டிய வேலைகளில் ஒன்று, இரும்புத் தகட்டில் துளை போடுவது.

இதில் என்ன பெரிய வித்தை என்று தோன்றலாம். ஒரு இன்ஜின் பாய்லரை நினைத்துப் பாருங்கள். தகடுகளை இணைக்கும் ரிவெட்டுகளுக்குத் துளை வேண்டும். சூடான புகை செல்லும் குழாய்களைச் செருக முனைத் தகட்டில் வரிசையாகத் துளைகள் வேண்டும். இரண்டு தகடுகளின் துளைகள் நேராகப் பொருந்தாவிட்டால் ரிவெட் கோணலாக உட்காரும், நீராவி கசியும். பாய்லர் வெடித்தால் பக்கத்தில் நிற்பவர் உயிர் போகும்.

துளை போட இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, பஞ்ச் மிஷினால் ஒரே அடியில் குத்தி எடுப்பது. வேகமான வேலைதான், ஆனால் துளையின் ஓரம் இறுகி மயிரிழை விரிசல் விழலாம். மற்றொன்று டிரில்லால் துளைப்பது. நேரம் பிடிக்கும், ஆனால் ஓரம் சுத்தமாக இருக்கும். இரண்டு தகடுகளைச் சேர்த்துக் கட்டி ஒரே மூச்சில் துளைக்கவும் முடியும்.

டிரில் வேலைக்கு நிதானம் வேண்டும். முதலில் அளந்து கோடு போட்டு, சென்டர் பஞ்சால் ஒரு புள்ளி தட்ட வேண்டும். இல்லாவிட்டால் டிரில் முனை வழுக்கி ஓடும். பெரிய துளைக்கு முன் சிறிய துளை போட வேண்டும். தகட்டை இறுக்கிப் பிடிக்க வேண்டும். முனை மறுபக்கம் வெளிவரும் நேரத்தில் மாட்டிக்கொண்டால் சின்னத் தகடு சுழன்று கையைப் பதம் பார்த்துவிடும். அசைக்க முடியாத பெரிய தகட்டுக்கு ரேடியல் டிரில். அதில் தகடு அப்படியே கிடக்கும், மிஷினின் கைதான் நகரும்.

கருவிகளும் மாறின. அமெரிக்காவின் ஸ்டீபன் மோர்ஸ் 1863ல் முறுக்கு டிரில்லுக்குக் காப்புரிமை பெற்றார். 1900 வாக்கில் ஹை ஸ்பீட் ஸ்டீல் வந்ததும் அதே துளையைப் பல மடங்கு வேகத்தில் போட முடிந்தது.

1920களில் தென்னிந்திய ரயில்வே கம்பெனி தன் பட்டறைகளைத் திருச்சி அருகே பொன்மலையில் ஒன்று சேர்த்தது. நாகப்பட்டினம் பட்டறை 1928ல் அங்கே மாறியது. செலவைக் குறைக்க 3,100க்கும் மேற்பட்டோரை வேலையிலிருந்து நீக்கக் கம்பெனி திட்டமிட்டது. யாரை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்யத் தொழில் தேர்வு வைக்க முற்பட்டது. பல வருடம் அதே மிஷினில் நின்றவர்களிடம் "உனக்கு வேலை தெரியுமா?" என்று கேட்பது போல் இருந்தது அது. தொழிலாளர்கள் மறுத்தார்கள்.

1928 ஜூலையில் போராட்டம் ரயில் பாதை முழுவதும் பரவியது. கம்பெனியும் அரசும் அதை அடக்கின. சிங்காரவேலர், முகுந்தலால் சர்க்கார் உள்ளிட்ட தலைவர்கள் கைதாகி, 10 ஆண்டு சிறைத் தண்டனை பெற்றார்கள். மேல்முறையீட்டில் அது குறைக்கப்பட்டது.

நாகப்பட்டினத்தை விட்டு மிஷின்கள் போயின, அவற்றோடு அந்த ஊரின் ஒரு தொழிலும் போனது. பொன்மலைப் பட்டறையோ பிழைத்துக்கொண்டது. 2011க்குப் பிறகும் ஊட்டி மலை ரயிலுக்கு அங்கே புதிய நீராவி இன்ஜின்கள் செய்யப்பட்டன. பாய்லரில் ரிவெட்டின் இடத்தை வெல்டிங் பிடித்துவிட்டது. ஆனாலும் குழாய் நுழைய இன்றும் துளை வேண்டும். அது சரியான இடத்தில் விழ, தொழில் தெரிந்த ஒரு ஆளும் வேண்டும்.