புகையடுப்பைத் தூய்மையாக வைத்தல்

இறைச்சியைக் குறைந்த சூட்டில், விறகுப் புகையில் பல மணி நேரம் வைத்துச் சமைக்கும் அடுப்பே ஸ்மோக்கர் எனப்படும் புகையடுப்பு. அமெரிக்க வீடுகளின் கொல்லைப்புறங்களில் இது சாதாரணமாகக் காணப்படும். டெக்சாஸ் பாணியில் சமைக்கும் மாட்டின் மார்புக்கறி 107 முதல் 135 டிகிரி செல்சியஸ் சூட்டில் 12 மணி நேரத்துக்கு மேலும் உள்ளே இருப்பதுண்டு. அவ்வளவு நேரமும் கொழுப்பு சொட்டுகிறது, புகை சுவரில் படிகிறது, விறகு சாம்பலாகிறது. இவை மூன்றும் வெவ்வேறு அழுக்குகள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் தேய்த்துக் கழுவினால் அடுப்புதான் கெடும்.

புதிய இரும்பு அடுப்பின் உட்புறத்தில் எண்ணெய் தடவி, கறி வைக்காமல் சில மணி நேரம் தீ மூட்டுவார்கள். எண்ணெய் சூட்டில் இறுகி, இரும்பை விட்டுப் பிரியாத கறுத்த பூச்சாகிவிடும். தோசைக்கல்லைப் பழக்கும்போது நடப்பதும் இதுதான். துருவைத் தடுப்பது இந்தப் பூச்சு. ஒவ்வொரு சமையலிலும் அது இன்னும் உறுதிப்படும். சோடியம் ஹைட்ராக்சைடு கலந்த ஓவன் துப்புரவுத் திரவம் இதைக் கரைத்துவிடும் என்பதால் உட்சுவரில் அதைப் பயன்படுத்தவே கூடாது.

கறுப்பெல்லாம் நல்ல கறுப்பும் அல்ல. ஈர விறகு புகைந்தாலும், காற்று வழியை மிகவும் அடைத்துவிட்டாலும் விறகு முழுதாக எரியாமல் அடர்ந்த வெண்புகை எழும். அது சுவரில் கிரியோசோட் என்னும் தார் போன்ற பிசினாகப் படியும். ஆறிய சுவரை விரலால் தொட்டுப் பார்த்தாலே வேறுபாடு தெரியும்: பழகிய பூச்சு காய்ந்து வழவழப்பாக இருக்கும், கிரியோசோட் விரலில் ஒட்டும், கரிநெடி அடிக்கும். அதைச் சுரண்டி எடுக்காவிட்டால் அடுத்த கறி கசக்கும். மூடியின் உட்புறத்தில் செதில் செதிலாக உரிவதைப் பெயின்ட் என்று பலர் பயப்படுகிறார்கள். எனாமல் பூசிய மூடிகளில் அது பெரும்பாலும் கரிந்த கொழுப்பும் புகைக்கரியும்தான். கறியில் விழுவதற்கு முன் பிளாஸ்டிக் சுரண்டியால் வழித்துவிட்டால் போதும்.

எளிதில் அலட்சியப்படுத்தப்படுவது சாம்பல். விறகுச் சாம்பலில் பொட்டாசியம் உப்புகள் உண்டு. அவை காற்றின் ஈரத்தை இழுத்துக் காரக் குழம்பாகி, விறகு எரியும் அறையின் அடித்தகட்டை அரிக்கும். ஆகவே ஒவ்வொரு சமையலுக்குப் பிறகும், முழுதாக ஆறியதும் சாம்பலை அள்ள வேண்டும். நீறு பூத்த தணல் ஒரு நாளுக்கு மேலும் கனன்றிருக்கக்கூடும். அள்ளியதை மூடியுள்ள உலோக வாளியில், மரத்தளத்துக்கு அப்பால் வைப்பதே பாதுகாப்பு. மரக்குறுணையில் எரியும் அடுப்பில் சாம்பல் தீக்குழியை அடைத்துப் பற்றவைப்பையே தடுத்துவிடும் என்பதால் அதை உறிஞ்சுகருவியால் எடுப்பார்கள்.

சொட்டிய கொழுப்பு தேங்கினால் தீப்பிடிக்கும். சொட்டுத் தட்டையும் நீர்த் தட்டையும் ஒவ்வொரு முறையும் காலி செய்வது அவசியம். உறைந்த கொழுப்பை வழித்துக் குப்பையில் போட வேண்டும், கழுவுதொட்டியில் ஊற்றினால் குழாய் அடைக்கும். கம்பித் தட்டைச் சூடு தணிவதற்குள் தேய்த்தால் பிசுக்கு எளிதில் விடும். கம்பித் தூரிகையைத் தவிர்ப்பது நல்லது. தூரிகையிலிருந்து உதிர்ந்த கம்பி உணவோடு தொண்டைக்கும் குடலுக்கும் போய்க் காயப்படுத்திய நிகழ்வுகளை அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2012இல் பதிவு செய்திருக்கிறது.

வெப்பமானியின் முனையில் கரி படிந்தால் சூடு தவறாகக் காட்டக்கூடும். அதை ஈரத்துணியால் துடைத்துவிட வேண்டும். களிமண் வகை அடுப்புகளில் சோப்புக்கு இடமில்லை. நுண்துளைகள் அதை உறிஞ்சிக்கொள்ளும் என்பதால் கடுந்தீ மூட்டி அழுக்கை எரித்துவிடுவதே வழி. மின்சார அடுப்புக்குள் தண்ணீர் பீய்ச்சக் கூடாது.

வாரக்கணக்கில் கொழுப்பும் ஈரமும் அடைபட்டுக் கிடந்தால் பூசணம் பிடிக்கும். அடுப்பு ஆறியபின் காற்றுத் துளைகளைச் சற்றுத் திறந்துவைத்து, மழை படாமல் மூடிவைத்தால் இது பெரும்பாலும் நேராது. பிடித்துவிட்டால் உள்ளே மிஞ்சிய விறகையும் கரியையும் எறிந்துவிட்டு, கடுந்தீயில் ஒரு மணி நேரம் எரித்து, சுரண்டித் துடைத்து, மீண்டும் எண்ணெய் தடவிப் பழக்க வேண்டும்.