கொழுத்த குதிரையும் தளர்ந்த நடையும்

பாண்டிய நாட்டுக்கு அரபுக் குதிரைகள் வந்த வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் எண்ணிக்கையோடு நின்றுவிடுகின்றனர். கீஷ் தீவின் மலிக்குல் இஸ்லாம் ஜமாலுத்தீன் ஆண்டுதோறும் 1400 குதிரைகளை அனுப்ப ஒப்பந்தம் செய்திருந்தார். ஒன்றின் விலை 220 செம்பொன் தீனார். கடலில் மாண்டவற்றுக்கும் அரசன் கருவூலமே விலை தந்தது. பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் தரும் இச்செய்திகள் பலரும் அறிந்தவையே. ஆனால், வந்திறங்கிய குதிரைகளின் கதி குறித்தும் அவர் எழுதியிருக்கிறார்.

குதிரைகளை நாற்பது நாட்கள் கயிறும் முளையும் கொண்டு கொட்டிலில் பிணைத்து வைத்தனராம். வறுத்த வாற்கோதுமை, வெண்ணெய் கலந்த தானியம், காய்ச்சிய பசும்பால் ஆகியவற்றை ஊட்டிக் கொழுக்க வைத்தபின், எவ்விதப் பயிற்சியுமின்றி, அங்கவடியும் இன்றி, வீரர்கள் அவற்றின் மீதேறி வெறிகொண்டு விரட்டினர். காற்றாய்ப் பறந்த குதிரைகள் விரைவிலேயே மந்தமாகிப் பயனற்றுப் போயின.

அரபகத்திலும் குதிரையைக் கொழுக்க வைப்பது உண்டு. ‘தத்மீர்’ என்னும் அப்பயிற்சியில் முதலில் நிறையத் தீனி தருவர். பின்பு தீனியைக் குறைத்து, போர்வை போர்த்தி, வியர்க்கச் செய்து உடலை இறுக்குவர். இப்னு உமர் (ரலி) அறிவிப்பதாக புகாரியில் வரும் பந்தயச் செய்தியில், தத்மீர் பெற்ற குதிரைகளுக்கு ஐந்தாறு மைல் தொலைவும், பெறாதவற்றுக்கு ஏறத்தாழ ஒரு மைலும் நபி (ஸல்) அவர்கள் வகுத்தார்கள். வஸ்ஸாஃபை நம்பினால், பாண்டியரின் கொட்டிலில் நடந்தது தத்மீரின் முற்பாதி மட்டுமே.

இக்குறை துள்ளுநடையில்தான் முதலில் வெளிப்பட்டிருக்கும். அந்நடையில் முன் இடக்காலும் பின் வலக்காலும் ஒன்றாக ஊன்றும். அடுத்து மற்ற இணை. இடையில் நான்கு கால்களும் ஒரு கணம் நிலத்தை விட்டெழும். ஆகவே ஒவ்வோர் எட்டு வைப்பிலும் குதிரையின் முதுகு இருமுறை எழுந்து தாழும். அங்கவடியில் கால் ஊன்றியவர் அந்த அதிர்வை முழங்காலிலும் கணுக்காலிலும் வாங்கிக்கொள்வார். பழகாதவரோ ஒவ்வொரு முறையும் முதுகெலும்பின் மீது தொப்பென விழுவார். வலி தாளாத குதிரை முதுகை விறைத்துத் தலையை உயர்த்தும், பின்னங்கால்கள் உடலுக்கடியில் முன்னேறி வாரா, எட்டு குறுகும். கட்டுண்டு தசை தளர்ந்த, கொழுத்த குதிரை இதை எத்தனை நாள் தாங்கும்?

அங்கவடி இல்லாமையை மட்டும் குற்றம் சொல்வதற்கில்லை. அப்பாஸியர் காலக் குதிரைநூலாசிரியர் இப்னு அகீ ஹிஸாம், சேணமின்றி ஏறிப் பழகுவதையே முதற்பாடமாக வைத்தார். இருக்கை கல்லாமைதான் குறை.

மார்க்கோ போலோவும் இங்கே குதிரைகள் மடிவதைக் குறிப்பிடுகிறார். சோறும் இறைச்சியும் சமைத்து ஊட்டியதாகக் கூறும் அவர், லாடம் கட்டுவோர் இந்நாட்டுக்கு வராதபடி வணிகர்களே தடுத்தனர் என்றும் எழுதுகிறார். இரு சாட்சிகளும் வெளியார், மிகைக்கு இடமுண்டு. ஆயினும், குதிரை மடிந்தால் யாருக்கு ஆதாயம் என்னும் கேள்வியைத் தவிர்க்க முடியாது. கீஷில் விற்றவர் ஜமாலுத்தீன். காயல் முதலிய துறைமுகங்களைப் பொறுப்பில் வைத்துப் பாண்டியனுக்கு ஆலோசகராயிருந்தவர் அவர் தம்பி தகியுத்தீன்.